திருக்கடையூர்த் தட்டுக்குப் பருவம் கிடையாது

ஆடியிலும் மார்கழியிலும் ஊரெல்லாம் கல்யாண மண்டபம் பூட்டிக் கிடக்கும். எங்கள் பக்கம் அப்படி இல்லை. தரங்கம்பாடியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் பிறந்த நட்சத்திரத்தைப் பார்த்து நடப்பவை. அது எந்த மாதத்தில் வந்தாலும் அன்றைக்கு அபிராமி சன்னிதியில் மேளம் கொட்டியாக வேண்டும். மேளம் கொட்டினால் தட்டு வரிசை வேண்டும். தட்டு என்றால் பழம். ஒன்பது தட்டு, பதினொரு தட்டு, வசதிப்பட்டவர்கள் இருபத்தொரு தட்டு. ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை, திராட்சை, அன்னாசி, சாத்துக்குடி எல்லாம் வந்துவிட வேண்டும். வாழைப்பழம் இரண்டு சீப்பு, ஒரு கரும்புள்ளி இல்லாமல்.

போன தை மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். "அக்கா, அப்பாவுக்கு எண்பது. மாம்பழத் தட்டு ஒண்ணு கட்டாயம் வேணும். அவருக்கு அதுதான் உசுரு."

"தையில மாம்பழமாம்மா?" என்றேன்.

"இங்க கடையில இருக்கே அக்கா" என்றாள்.

இருக்கத்தான் செய்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நீலம் மரம் வருடத்துக்கு இரண்டு தடவை பூக்கும். மற்ற இடங்களில் மாமரம் பூவெடுத்துக்கொண்டிருக்கும்போதே அங்கே காய் இறங்கிவிடும். திருச்சி மண்டியில் சொல்லிவைத்து ஒரு பெட்டி வரவழைத்தேன். விலையைக் கேட்டு அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் சொல்ல வாய் கூசியது.

எந்தப் பழம் எந்த மாதம் என்று கேட்டால் முன்பெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வேன். இப்போது எந்த ஊர்ப் பழம், அந்த மரத்தை என்ன செய்து காய்க்க வைத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பிறந்தது திருவையாறு பக்கம் வாழைக்கொல்லைக்காரர் வீட்டில். வாழ்க்கைப்பட்டது தரங்கம்பாடியில் பழக்கடைக்காரர் வீட்டில். பயிர் வைப்பவர் பேச்சு ஒரு காதிலும் மண்டிக்காரர் பேச்சு இன்னொரு காதிலும் விழுந்து வளர்ந்த அறிவுதான் எனக்கு. மிச்சத்தைத் தோட்டக்கலைத் துறைக்காரர்களிடம் கேட்டும் படித்தும் சேர்த்துக்கொண்டேன்.

மாமனார் அடிக்கடி சொல்வார்: "தண்ணி நெறஞ்ச ஊர்ல பழம் இருக்காதும்மா." கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது புரியவில்லை. காவிரி பாயும் நாட்டில், வாய்க்கால் இல்லாத தெருவே இல்லாத ஊரில், ஏன் பழத்துக்கு லாரியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்? முக்கனி என்கிறோமே, அதில் கீழத்தஞ்சைக்குச் சொந்தமாக விளைவது வாழை ஒன்றுதான். மா சேலத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் நத்தத்திலிருந்தும் வரும். பலா பண்ருட்டியிலிருந்து வரும்.

காரணம் மரத்தின் குணத்தில் இருக்கிறது. வேருக்கு ஈரமும் எருவும் குறைவில்லாமல் கிடைத்தால் மாமரம் தழைத்துக்கொண்டே போகும், பூவைப் பற்றி நினைக்காது. மழை நின்று, மண் காய்ந்து, இரவில் கொஞ்சம் குளிரும் விழுந்தால்தான் துளிர் விடுவதை நிறுத்திக்கொண்டு கிளை நுனியில் பூங்கொத்து தள்ளும். பரீட்சை நெருங்கினால் மட்டும் புத்தகத்தைத் தொடுகிற பிள்ளை மாதிரி. மா மட்டுமில்லை, மாதுளை, எலுமிச்சை, ஆரஞ்சு, கொய்யா எல்லாவற்றுக்கும் ஏதோ ஓர் அளவில் இந்தக் குணம் உண்டு. மரம் கொஞ்சம் தவிக்க வேண்டும்.

டெல்டாவில் அந்தத் தவிப்புக்கு இடம் எங்கே? ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள், ஜனவரி 28 மூடும் நாள் என்பது கணக்கு. நடுவில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். மா வேரைக் காயப்போட வேண்டிய மாதங்களில் எங்கள் சம்பா வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். மண்ணும் களிமண், குடித்த தண்ணீரை விடாது. வேருக்கு மூச்சு முட்டும். பப்பாளி இதில் இன்னும் மோசம், ஒன்றிரண்டு நாள் தண்ணீர் கட்டினாலே மரம் சாய்ந்துவிடும். கடலோர மணல்மேட்டில் மட்டும் கதை வேறு. மணல் தண்ணீரை வடித்துவிடும் என்பதால் வேதாரண்யம் பக்கம் மாந்தோப்பும் முந்திரியும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அங்கேதான் கரையேறியது. தலைமுறை பார்த்த மாமரங்கள் வேரோடு சாய்ந்தன. மறுவருடம் மரம் நட்டாலும் காய் பார்க்க நாலைந்து வருடம் ஆகும் என்பது நெல் விவசாயிக்கு இல்லாத துக்கம்.

எங்கள் ஊரிலும் ஒரு தோட்டக் கதை உண்டு. 1760-ல் வந்த மொராவியச் சபைக்காரர்கள் பொறையாறில் குடியேறிய இடத்துக்குச் சகோதரர் தோட்டம் என்றே பெயர். எட்டு வருடம் கழித்து, 1768-ல், தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்த கோனிக், செடிகொடிகளுக்குப் பெயர் வைத்த லின்னேயஸிடம் படித்தவர். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இன்றைக்கும் அவர் பெயர் இருக்கிறது. எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்பாமல் போனை எடுத்துத் தேடிப் பார்ப்பார்கள். இன்னொன்றும் சொல்வேன். என் கடையில் இருக்கும் கொய்யா, சப்போட்டா, சீதா, பப்பாளி, அன்னாசி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவைதான்.

வாழைக்கு வருவோம். அதற்குத் தவிப்பு தேவையில்லை. மாதம் எது, வெயிலா மழையா என்று பார்த்துப் பூப்பதில்லை அது. ஏறக்குறைய முப்பது, நாற்பது இலை விட்டு முடித்ததும் தார் தள்ளும். அதனால்தான் எந்த மாதம் கன்று வைத்தாலும் கணக்குப் போட்டு எந்த மாதம் வெட்டலாம் என்று சொல்ல முடிகிறது. பூவன் 12 முதல் 14 மாதம். கற்பூரவள்ளி இன்னும் இரண்டு மாதம் கூட எடுக்கும். திசு வளர்ப்பில் வரும் ஜி 9 பதினொன்று, பன்னிரண்டு மாதத்தில் முடிந்துவிடும். தார் தள்ளியதிலிருந்து வெட்டுக்கு மூன்று, நாலு மாதம்.

எங்கள் வீட்டுக் கொல்லை படுகையில் இருந்தது. ஆறு பெருகும்போதெல்லாம் வண்டலைக் கொண்டுவந்து போட்ட கரையோர நிலம். திருவையாற்றைச் சுற்றி வடுகக்குடி, மருவூர் பக்கமெல்லாம் இன்றைக்கும் வாழைதான். படுகையில் தை, மாசியில் கன்று வைப்பது ஒரு பட்டம், ஆவணியை ஒட்டி வைப்பது இன்னொரு பட்டம். பூவன் என்றால் ஏழடிக்கு ஏழடி, ஏக்கருக்கு ஏறக்குறைய 900 கன்று. களிமண் வயலானால் வாய்க்கால் வெட்டி, எடுத்த மண்ணை மேட்டில் போட்டு, அந்த மேட்டில்தான் வாழை நிற்கும். தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் காலடியில் நிற்கக் கூடாது. இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவன்தான் டெல்டாவில் வாழை விவசாயி.

அப்பா வியாபாரத்தை மாதக் கணக்கில் பார்த்ததில்லை, முகூர்த்தக் கணக்கில்தான் பார்ப்பார். ஒரே மாதிரி பூவன் தார் ஆவணி முகூர்த்தத்தில் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். ஆடியில் நூற்றைம்பதுக்குக் கேட்பார்கள். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் மறுபடி ஏறும். பந்தலில் கட்டுவதற்குத் தாரோடு முழு மரமாகவே விற்பதும் உண்டு. இலை வியாபாரம் தனிக் கணக்கு. இலைக்கென்று விட்ட கொல்லையில் தாரைப் பற்றிக் கவலையில்லை, காற்று அடித்து இலை கிழியாமல் இருந்தால் போதும்.

காற்றுதான் வாழையின் எமன். தார் கனத்த மரத்துக்கு முட்டுக்கொடுக்கச் சவுக்குக் கழி வேண்டும். நான் கல்யாணமாகி வந்தபோது அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் மிகவும் பிடித்த விஷயம், தரங்கம்பாடிக் கரையெல்லாம் சவுக்குத் தோப்பு என்பது. கழி மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்தார். வண்டிச் சத்தத்தைக் கணக்குப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காற்றுக்கு அடுத்தது வெள்ளம். 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து ஏறக்குறைய இரண்டு லட்சம் கனஅடி திறந்தபோது உபரி முழுவதும் கொள்ளிடத்தில் போனது. படுகை வாழை தண்ணீரில் நின்றது. மூன்று நாலு நாள் தாண்டினால் வேர் அழுகும், இலை மஞ்சளாகும், அதன் பிறகு வெயில் அடித்தால் மரம் உட்கார்ந்துவிடும். தம்பி அந்த வருடம் தண்ணீர் வடிந்த பிறகு பத்து நாள் கொல்லைப் பக்கமே போகவில்லை. "போய்ப் பாத்தா மட்டும் நிமிந்துருமாக்கா?" என்றான்.

மூன்றாவது எதிரி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ரஸ்தாளியைத் தாக்கும் வாடல் நோய். ஒருமுறை மண்ணில் இறங்கிய பூஞ்சணம் பல வருடம் அங்கேயே கிடக்கும். எங்கள் கொல்லையில் ரஸ்தாளி நின்றுபோனது இதனால்தான். போன நூற்றாண்டின் நடுவில் மத்திய அமெரிக்காவில் குரோ மிஷேல் என்ற ரகத்தை இதே வாடல் நோய் அடியோடு துடைத்தபோது, உலக வாழை வியாபாரம் கேவண்டிஷ் ரகத்துக்கு மாறியது. நம் ஜி 9 அந்தக் கேவண்டிஷ் குடும்பம்தான். இப்போது கேவண்டிஷையும் கொல்லும் புதிய பூஞ்சண வகை கிளம்பி, பீகார் வாழைக்குள்ளும் வந்துவிட்டது. திருச்சியில் 1993 முதல் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கொல்லையில் ஆயிரம் மரமும் ஒரே மரத்தின் நகலாக நிற்கும்போது, ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். ஏலக்கி, பச்சநாடன், மொந்தன், செவ்வாழை என்று வரப்புக்கு ஒரு ரகம் வைத்த பழைய ஆட்களைப் பத்தாம்பசலி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வெட்டிய தார் காய்தானே, அதைப் பழமாக்குவது தனி வித்தை. எங்கள் வீட்டில் மூட்டம் போடுவார்கள். மண் அறையில் தார்களை அடுக்கி, சருகை மூடி, சின்ன ஓட்டை வழியாகப் பானைப் புகையை ஊதிவிட்டு, சேற்றால் அடைத்துவிட வேண்டியது. மறுநாளோ அதற்கு மறுநாளோ திறந்தால் நிறம் திரும்பியிருக்கும். வேலையைச் செய்வது புகையில் கலந்திருக்கும் எத்திலீன் என்ற வாயு. பழம் பழுக்கும்போது தானாகவே விடுகிற வாயுவும் அதுதான். ஒரு கூடையில் ஒன்று பழுத்தால் மற்றவையும் சேர்ந்து பழுப்பது அதனால்தான். புகைக்குக் காயைப் பழுக்க வைக்கவும் தெரியும், செடியைப் பூக்க வைக்கவும் தெரியும். 1874-ல் அசோர்ஸ் தீவில் கண்ணாடிக் கூடத்துக்குள் புகை புகுந்தபோது உள்ளே இருந்த அன்னாசிச் செடிகள் எல்லாம் சேர்ந்து பூத்தனவாம். இன்றைக்குக் கேரளத்து வாழக்குளத்திலிருந்து வரும் அன்னாசியில் ஒரே வயல் ஒரே நேரத்தில் காய்ப்பது, செடியின் குருத்தில் எத்திலீன் தரும் மருந்தைக் கொஞ்சம் ஊற்றுவதால்தான்.

கார்பைடு கல்லைப் பற்றிக் கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. அது விடுவது எத்திலீன் இல்லை, அசிட்டிலீன். தொழிற்சாலைக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடும் ஒட்டியிருக்கும். சட்டப்படி தடை செய்யப்பட்ட பொருள். தடையில்லாதது எத்திலீன் வாயு. பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை அறைக்குள் விடலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் அனுமதித்தது. இப்போது வரும் மஞ்சள் வாழைப்பழம் அப்படிப்பட்ட குளிர் அறையில் பழுத்தது. ஜி 9-ஐ நம் வெயிலில் அப்படியே பழுக்கவிட்டால் உள்ளே கனிந்தும் தோல் பச்சையாகவே நிற்கும். பதினாறு, பதினெட்டு டிகிரியில் வைத்தால்தான் தோலின் பச்சை கரைந்து மஞ்சள் வெளியே வரும். அதே பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தால், பதின்மூன்று டிகிரிக்குக் கீழே போனதும் தோல் கறுத்துவிடும். கறுத்த பழத்தைக் கடையில் கொண்டுவந்து நீட்டி என்னைத் திட்டிய அம்மாக்கள் ஏராளம்.

இது எல்லாப் பழத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மா, வாழை, சப்போட்டா, சீதா, பப்பாளி, கொய்யா பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, மாதுளை, ஆரஞ்சு, அன்னாசி, தர்பூசணி பறித்த அன்றைக்கு என்ன இனிப்போ அதோடு சரி. புளித்த திராட்சையை வாங்கி இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

மாம்பழத்துக்கு எங்கள் பக்கம் வருடத்தில் ஒரு நாள் கடவுளே வாடிக்கையாளர். ஆனி பௌர்ணமியை ஒட்டி, தெற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிற்பாடு காரைக்கால் அம்மையார் ஆன புனிதவதிக்குக் கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழக் கதைதான். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள், கீழே நிற்பவர்கள் மடியேந்திப் பிடிப்பார்கள். மாந்தோப்பு இல்லாத சீமையில் மாம்பழத்துக்கு இவ்வளவு பெரிய விழா! அந்த வாரம் லாரி வர ஒரு நாள் தாமதமானால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நல்ல வேளை, ஆனி மாதத்தில் பெரும்பாலான ரகங்கள் கைக்கு எட்டும். பங்குனிக் கடைசியில் செந்தூரா எட்டிப்பார்க்கும். சித்திரையில் பங்கனப்பள்ளி. வைகாசியில் இமாம்பசந்தும் மல்கோவாவும். இமாம்பசந்த் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனியில் ருமானி, கிளிமூக்கு. ஆடியில் நீலம், அதோடு கடை மூடியது. மல்கோவாவும் இமாம்பசந்தும் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் மறு வருடம் கை விரிக்கும். நீலம் அப்படிச் செய்யாது. அதனால் விவசாயிக்கு நீலம் பிடிக்கும், வாங்குகிறவருக்கு இமாம்பசந்த் பிடிக்கும், கடைக்காரிக்கு நடுவில் திண்டாட்டம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கிருஷ்ணகிரியில் மைல் கணக்கில் நிற்கும் கிளிமூக்கு மாவில் பெரும்பங்கு நம் வாய்க்கு நேராக வருவதில்லை, கூழ் ஆலைக்குப் போகிறது. பாட்டிலில் குடிக்கிறோமே, அது. ஆலை வாங்கினால் விலை, வாங்காவிட்டால் பள்ளம். 2025 ஜூனில் அப்படித்தான் கிருஷ்ணகிரியிலும் பக்கத்துச் சித்தூரிலும் கிலோ ஐந்தாறு ரூபாய்க்கு இறங்கி, பறிப்புக் கூலிக்கே கட்டாமல் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அதே மாதத்தில் என் கடையில் நான் பங்கனப்பள்ளியை என்ன விலைக்கு விற்றேன் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

பருவத்தை முன்னே இழுக்கவும் மாவில் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் ஒரு காலத்தில் மரத்தடியில் நாள் கணக்கில் புகை மூட்டிப் பூக்க வைத்தார்கள். 1970-களில் ராமோன் பார்பா என்ற விஞ்ஞானி, பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைத்துத் தெளித்தாலே மா பூக்கும் என்று காட்டினார். புகைக்கு வேலை போனது. நம் நாட்டில் பாக்லோபுட்ரசால் என்ற மருந்தை வேர்ப்பகுதியில் ஊற்றுகிறார்கள். துளிர் விடும் வேகம் அடங்கி, பூ முன்கூட்டியே வரும். முதலில் சந்தைக்கு வரும் பழத்துக்கு விலை இரட்டிப்பு. ஆனால் அளவு தெரியாமல் ஊற்றினால் மரம் வருடக் கணக்கில் குறண்டிப்போகும் என்பார்கள். எல்லா மரமும் மருந்தைச் சாப்பிட்டு ஒரே மாதத்தில் காய்த்தால், அந்த முதல் விலையும் யாருக்கும் கிடைக்காது.

தண்ணீரை நிறுத்தியே தவிப்பைக் கொடுப்பதில் கெட்டிக்காரர்கள் சோலாப்பூர் மாதுளைக்காரர்கள். மாதுளைக்கு வருடத்தில் மூன்று பூப்பருவம்: தை மாசி, ஆனி ஆடி, புரட்டாசி ஐப்பசி. மூன்றையும் விட்டால் மரம் ஓய்ந்துவிடும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் தண்ணீரை நிறுத்துவார்கள். இலை உதிரும். கவாத்து செய்து, எருவைப் போட்டு, ஒருநாள் தண்ணீரைத் திறந்தால் மரம் முழுக்கப் பூ. அதிலிருந்து ஐந்தாறு மாதத்தில் பழம். அங்கே ஒரு தோட்டத்துக்காரன் ஒரு பருவம், பக்கத்துக்காரன் இன்னொரு பருவம் என்று பிரித்துக்கொள்வதால்தான் என் கடையில் மாதுளை ஒரு நாளும் தீர்வதில்லை. சொட்டுநீர்க் குழாயை மூடினால் தண்ணீர் நிற்கும் பூமி அது. எங்கள் ஊரில் மழையை எந்தக் குழாயில் மூடுவது?

திராட்சையும் இதே சங்கதி, அங்கே குழாய்க்குப் பதில் கத்தரிக்கோல். குளிர்நாட்டில் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி எழுந்து காய்க்கும். நம் வெயிலில் அது தூங்குவதே இல்லை, ஆகவே வெட்டித்தான் எழுப்ப வேண்டும். கவாத்து செய்ததிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். நாசிக்கில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் இரண்டு கவாத்து, அறுவடை ஒன்றுதான், தையிலிருந்து பங்குனி வரை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு வருடத்துக்கு ஐந்து அறுவடை எடுக்கிறார்கள். பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்கிறார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோல் தடித்த, விதையுள்ள, மணக்கும் பழம். திருக்கடையூர்த் தட்டுக்குப் பச்சைத் திராட்சைதான் கேட்பார்கள், போட்டோவில் பளிச்சென்று தெரியுமாம். நான் பன்னீர்க் கட்சி.

ஆப்பிளுக்குச் சூடான நாட்டில் அவ்வளவு எளிதில் வழி இல்லை. பெரும்பாலான ரகங்களுக்கு ஏழு டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேர அளவுக்குக் குளிர் பட்டால்தான் மொட்டு விழிக்கும். ஆடியிலிருந்து இமாச்சலப் பழம், புரட்டாசியிலிருந்து காஷ்மீர்ப் பழம். சித்திரையில் நீங்கள் கடிக்கும் காஷ்மீர் ஆப்பிள், ஆக்சிஜனைக் குறைத்து மூச்சை அடக்கி வைத்த அறையில் ஆறேழு மாதம் இருந்து வந்தது. கெட்டது ஒன்றும் இல்லை. புதுசு என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தர்பூசணியைப் பற்றி ஒரு வார்த்தை. திண்டிவனம், மரக்காணம் பக்கம் மார்கழி, தையில் விதைத்து எழுபது, எண்பது நாளில் அறுப்பார்கள். 2025 கோடையில், ஊசி போட்டுச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, அறுவடை நேரத்தில் விவசாயிகளின் விலையைச் சாய்த்துவிட்டது. தக்காளிக்கு நிறம் கொடுக்கும் லைக்கோப்பீன்தான் இதற்கும் நிறம். ஊசி குத்திய தர்பூசணி அந்த ஓட்டை வழியாக ஒன்றிரண்டு நாளிலேயே அழுகத் தொடங்கும், எந்த வியாபாரி இந்த வேலையைச் செய்வான்? அந்த மாதம் கோட்டைக்கு வந்தவர்கள் முன்னால் பழத்தை அறுத்துக் காட்டி, நானே முதல் துண்டைத் தின்று விற்றேன்.

யாரும் கவாத்து செய்யாமல், மருந்து ஊற்றாமல், சொன்ன மாதத்தில் வருபவை இன்னும் சில உண்டு. சித்திரையில் கடற்கரைப் பனையின் நுங்கு. ஆவணியில் விளாம்பழம், பிள்ளையார் சதுர்த்திக்கு. மார்கழியில் இலந்தை. ஆனியில் நாவல். இவற்றுக்கு மண்டி கிடையாது, கூடையில் கொண்டுவந்து வைக்கும் கிழவிகள்தான் மண்டி. அதிலும் நாவல் பழைய நாவல் இல்லை. சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொல்லப்போக, உப்புப் போட்டுக் கூறு கட்டி விற்ற பழம் இப்போது ஆப்பிள் விலைக்கு மேலே போகிறது.

இந்த வருடம் தம்பி போனில் கேட்டான். "அக்கா, வாழைய பாதியாக் குறைச்சுட்டு நாவல் வைக்கலாமா?"

யோசித்துப் பார்த்தால் கோணல் யோசனை இல்லை. நாவல் மரம் காலடியில் தண்ணீர் நின்றாலும் சகித்துக்கொள்ளும். ஐப்பசி மழையைக் குடித்துவிட்டு மாசி, பங்குனி வெயிலில் பூக்கும். அடுத்த மழைக்கு முன் ஆனி, ஆடியில் பழம் கொடுத்து முடித்துவிடும். எங்கள் மழைக்கும் எங்கள் வெயிலுக்கும் அளவெடுத்தது போல இருக்கிறது. ஒட்டுக்கன்று என்றால் நாலைந்து வருடத்தில் காய் பார்க்கலாம், விதைக்கன்று என்றால் பத்து வருடம் வரை ஆகும்.

இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. நாவல் ஒரே நாளில் பழுக்காது, ஒரு கொத்திலேயே பச்சையும் சிவப்பும் கறுப்பும் கலந்து நிற்கும். தினமும் ஆள் ஏறிப் பொறுக்கிப் பறிக்க வேண்டும். உலுக்கினால் விழுந்து நசுங்கும், நசுங்கியது மறுநாள் புளித்துவிடும். கிளை வேறு மளுக்கென்று முறியும். மரமேறுகிற ஆள் எங்கே இருக்கிறான், அவன் விழுந்தால் யார் பார்ப்பது? மரத்தை உயரவிடாமல் ஆரம்பத்திலிருந்தே கவாத்து செய்து, நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டும்படி வளர்த்தால் செய்யலாம் என்று தோட்டக்கலைக்காரர் சொல்லியிருக்கிறார். கீழே வலை கட்ட வேண்டும். பறித்த அன்றே பழம் கடைக்கு வர வேண்டும். திருவையாற்றிலிருந்து தரங்கம்பாடிக்கு வண்டி மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும், அது ஒரு சௌகரியம்.

பாதிக் கொல்லை வேண்டாம், வாழையைத் தொடாமல் வரப்போரம் மட்டும் வை என்று சொன்னேன். பதினைந்து ஒட்டுக்கன்று வைத்திருக்கிறான். கும்பகோணத்துக்காரர் ஒருவர் இப்போதே வந்து மொத்தமாகப் பேசிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுப் போனாராம். காய் வரட்டும், எனக்கு எத்தனை கூடை என்பதைச் சொன்ன பிறகு அவரிடம் பேசு என்று தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.